ஆடிக்காத்து மேல பழி போடாதீங்க: பழைய ஆல்ட்டோ பின்பக்க புஷ் ஊட்டுலயே மாத்தறது

காங்கேயத்துக்காரர் கேட்டது
18 ஜூலை 2023, பொழுதோட 6.50

வண்டி 2005 ஆல்ட்டோ, 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது. பத்து நாளா பல்லடம் உடுமலை ரோட்டுல போனா பின்பக்கம் வால ஆட்டற மாதிரி ஆடுது, எதுக்க லாரி வந்து தாண்டுனா இன்னும் எச்சா. அலைன்மென்ட் பாத்தாச்சு, டயர் புதுசு. மெக்கானிக்கு "ஆடிக்காத்துங்க, சின்ன வண்டி, அப்படித்தான் இருக்கும்"ங்கறாரு. இன்னொரு எடத்துல ஆக்சிலயே மாத்தோணும்னு பெரிய தொகையா சொல்றாங்க. ரெண்டுல எதுங்க நெசம்?

19 ஜூலை 2023, ராத்திரி 10.20

ரெண்டுமே இல்லீங்க. காத்து வருசா வருசம் இதே பாலக்காட்டுக் கணவாய் வழியாத்தான் வருது, போன ஆடிக்கு ஆடாத வண்டி இந்த ஆடிக்கு ஆடுதுன்னா மாறுனது காத்தில்ல, ரப்பர். உடுமலை ரோடு தெக்க வடக்க போறது, காத்து மேக்க இருந்து அடிக்குது, அதனால வண்டிக்கு வெலாவுல குத்து விழுது, அவ்ளோதான். கரண்டு எடுக்கற காத்தாடி நட்டவிய எடம் பாத்துத்தான் நட்டிருக்காங்க.

ஆல்ட்டோ பின்பக்கம் ஒரே ஆக்சில், ரெண்டு சக்கரமும் ஒண்ணுலதான் கோத்திருக்கும். அந்த ஆக்சில முன்ன பின்ன போகாம புடிச்சுக்கறது பக்கத்துக்கு ஒண்ணா நீளவாக்குல வர்ற டிரெய்லிங் ஆர்ம். எடது வலது நகராம புடிச்சுக்கறது குறுக்க போற லேட்ரல் ராடு ஒண்ணே ஒண்ணு, ஒரு முனை பாடியில, மறு முனை ஆக்சில்ல. ரெண்டு முனையிலயும் ரப்பர் புஷ் (நடுவுல இரும்புக் குழாய், அதச் சுத்தி ரப்பர், வெளிய ஒரு இரும்பு வளையம்) இருக்கு. அந்த ரப்பர் கிழிஞ்சா பாடி ஒரு பக்கம், ஆக்சில் ஒரு பக்கம்னு அது அது இஷ்டத்துக்கு நகருது. பின் ஆக்சில் ஒரு விரக்கடை நகந்தாலே வண்டி பின்னாடி இருந்து ஸ்டியரிங் புடிச்ச மாதிரி இருக்கும், நீங்க முன்னாடி ஒடிக்க ஒடிக்க அது பின்னாடி வேற கணக்குப் போடும்.

சோதிக்கறதுக்கு காசு வேண்டாம். சமதரையில நிறுத்துங்க, ஒரு ஆள பின் சக்கரத்துக்கு மேல பாடியில கைய வெச்சு எடதும் வலதுமா தள்ளச் சொல்லுங்க, நீங்க பின்னாடி படுத்துட்டு டார்ச்ச அந்த ராடு முனையில அடிச்சுப் பாருங்க. நல்ல புஷ்ஷா இருந்தா ராடும் போல்ட்டும் ஒண்ணா அசையும். போனதா இருந்தா போல்ட்டு நடுவுல நிக்க ராடு தலை மட்டும் இங்கிட்டும் அங்கிட்டும் போயிட்டு வரும், சில சமயம் டொக்குன்னு சத்தமும் வரும். ஆக்சில மாத்தோணும்னு சொன்னவங்க அடியில படுத்துப் பாத்தாங்களான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க.

19 ஜூலை 2023, ராத்திரி 10.55

மறந்துட்டேன். அதுக்கு முந்தி டயர் காத்து நாலும் பாருங்க, ஷாக்ல எண்ணெ கசிவு இருக்கான்னு பாருங்க. ஷாக் போனா குழியில எறங்கி ஏறுனதும் வண்டி குதிச்சுட்டே போகும், அது மேல கீழ ஆட்டம். உங்குளுது பக்கவாட்டு ஆட்டம். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க.

21 ஜூலை 2023, காலைல 7.10

காங்கேயத்துக்காரர் போட்டோ அனுப்பியிருக்காரு. அது புஷ்ஷே இல்லீங்க, புஷ் இருந்த எடம். ரப்பர் பழைய செருப்பாட்ட வெடிச்சு, நடுக்குழாய் ஒரு ஓரத்துல ஒட்டிக் கெடக்குது. 18 வருசம் ஒழச்சிருக்கு, அதையும் சொல்லோணும்.

லேட்ரல் ராடு மட்டும்னா ஒரு மத்தியானத்து வேலை. ஆனா அது இந்த கதியில இருந்தா டிரெய்லிங் ஆர்ம் முன்பக்க புஷ்ஷும் தவறிப்போயிருக்கும், ஒருக்கா அடியில படுத்ததுக்கு எல்லாத்தையும் பாத்துருங்க. நான் என்ற வண்டிக்கு (2004 ஆல்ட்டோ, தறிக்கு பாவு நூலு ஏத்திட்டுப் போயே பின்பக்கம் தேஞ்ச வண்டி) போன வைகாசியில பொடக்காலியிலயே மாத்துனேன். மாத்துனதும் பின்பக்கம் ஒரு விரக்கடை ஒசந்து நின்னுச்சு பாருங்க, உங்கூர்க் காளையாட்ட! புது ரப்பருன்னா அப்படித்தான்.

வேணுங்கறது: ஜாக்கி, ஸ்டாண்டு ரெண்டு, ரிங் ஸ்பானர், பாக்ஸ் ஸ்பானர், நீளமான பவர் பார், ஹேக்ஸா பிளேடு நாலஞ்சு, எமரி பேப்பர். ஹாலோ பிளாக்கு, செங்கல்லு இதுக மேல வண்டிய நிறுத்தாதீங்க. ஹாலோ பிளாக்கு வெடிக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டு வெடிக்காது, ஒரே நொடியில தூளாயிரும். கழட்டுன சக்கரத்த வண்டிக்கு அடியில படுக்க வெச்சிருங்க, ஸ்டாண்டு நழுவுனாலும் வண்டி சக்கரத்து மேலதான் உக்காரும், உங்க மேல இல்ல.

இன்னொண்ணு, ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துக்குத்தான். பின்னாடி தூக்குனதும் அது இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். கியர்ல போட்டு முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுங்க.

23 ஜூலை 2023, மத்தியானம் 2.30

ஞாயித்துக்கெழமை, கரண்ட் இல்ல, தறி நின்னுபோச்சு, அதனால நீளமா எழுதறேன்.

ராடு கழட்டறது போல்ட்டு ரெண்டுதான். ஆனா போல்ட்டு வரோணுமே. புஷ்ஷுக்கு நடுவுல இரும்புக் குழாய் ஒண்ணு இருக்கும், அதுக்குள்ளதான் போல்ட்டு போகுது. 18 வருசத்துல மழத்தண்ணி உள்ள போயி குழாயும் போல்ட்டும் துருவுல ஒட்டி ஒண்ணாயிருக்கும். நட்டு கழண்டுரும், போல்ட்டு தலைய திருகுனா ரப்பர் மட்டும் முறுக்கிட்டு முறுக்கிட்டுத் திரும்பி வரும். எனக்கு அதுதான் ஆச்சு. மொத நா பொழுதோட டபிள்யூ டி 40 (துரு எளக்கற ஸ்ப்ரே) அடிச்சேன், காலைல டீசல் ஊத்துனேன், மத்தியானம் சுத்தியல எடுத்தேன், பொழுதோட கெட்ட வார்த்தையும் எடுத்தேன், எங்கூட்டுல வந்து "பக்கத்தூட்டு அம்மிச்சி கேக்கறாங்க, மெதுவா திட்டுங்க"ன்னுட்டுப் போச்சு. கடைசில ராடு தலைக்கும் அது கோத்திருக்கற பிராக்கெட்டுக்கும் (இரும்புத் தாங்கி) நடுவுல ஹேக்ஸா பிளேட உட்டு ரெண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுத்தேன், முக்கா மணி நேரம், மூணு பிளேடு. அதனால புது போல்ட்டு நட்டு முன்னாடியே வாங்கி வெச்சுக்குங்க. கடையில கெடக்கற ஏதோ ஒரு போல்ட்டப் போடாதீங்க, தலையில இருக்கற நம்பரு (போல்ட்டோட பலத்தச் சொல்றது) பழசுல என்ன இருக்குதோ அதுவோ அதுக்கு மேலயோ இருக்கோணும்.

கேஸ் வெச்சு சூடு பண்ணலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. பெட்ரோல் டேங்க் அங்கயேதான் இருக்குதுங்க. வேண்டாம். ஆர்மைக் கழட்டி வெளிய கொண்டாந்து ரப்பர எரிச்சு எடுக்கறவங்க இருக்காங்க, அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, நாத்தம் மூணு நாளைக்குப் போகாது.

பழைய புஷ் எடுக்க நான் பண்ணுனது: டிரில்ல வெச்சு ரப்பர சுத்தியும் ஓட்டை போட்டு நடுக்குழாய தட்டி எடுத்துட்டேன். வெளி வளையம் மட்டும் ஆர்ம் கண்ணுல (புஷ் உக்காரற ஓட்டை) ஒட்டி நிக்கும். ஹேக்ஸா பிளேட ஒரு பக்கம் கழட்டி உள்ள உட்டு மறுபடியும் மாட்டி, வளையத்த உள்ள இருந்து வெளிய பாத்து அறுக்கோணும், ஆர்ம் கண்ணு மேல பிளேடு படாம. ஒரு பள்ளம் விழுந்ததும் உளிய வெச்சு மடக்குனா வளையம் சுருங்கிட்டு வந்துரும்.

புதுசு ஏத்த இழுப்பான் நானே செஞ்சேன். நீளமான மரை போல்ட்டு ஒண்ணு, கனமான வாஷர் நாலு, ஒரு பக்கம் புஷ்ஷோட வெளி வளையத்து அளவுக்கு பழைய பாக்ஸ் ஸ்பானர், மறு பக்கம் புஷ் உள்ள வந்து எறங்கற அளவுக்கு அகலமான குழாய்த் துண்டு. நட்டு முறுக்க முறுக்க புஷ் நேரா உள்ள ஏறும். குழாய்த் துண்டு கோயமுத்தூர் கணபதியில லேத்து வெச்சிருக்கற மச்சான் கடைஞ்சு குடுத்தாரு, காசு வாங்கல, அதுக்குப் பதிலா நாலு மணி நேரம் உக்கார வெச்சு பழமை பேசுனாரு. அமுத்தம் எப்பவும் வெளி வளையத்து மேலதான் விழோணும். நடுக்குழாய் மேல விழுந்தா புது புஷ் ஏறும்போதே உள்ள கிழிஞ்சிரும், வெளிய தெரியாது.

ஏத்தறதுக்கு முந்தி பழைய புஷ் எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சுன்னு ஆர்ம் மேல கோடு போட்டு வெச்சுக்குங்க. சில புஷ்ஷுல ரப்பருக்குள்ள வேணும்னே பொந்து உட்டிருப்பாங்க, பொந்து இருக்கற தெசையில எளகும், இல்லாத தெசையில கெட்டியா நிக்கும். திருப்பிப் போட்டா ரெண்டும் மாறிப்போகும்.

ரெண்டு ஆர்மையும் ஒண்ணா கழட்டிட்டா வேலை சுளுவு. புஷ்ஷ முந்தின நா ராத்திரியே ஃப்ரீசர்ல வெச்சிருங்க, சுருங்கி சுளுவா ஏறும்.

24 ஜூலை 2023, ராத்திரி 9.40

ஃப்ரீசர் சமாச்சாரம் வாபஸ். எம்பையன் பாலிடெக்னிக்ல படிக்கறான், படிச்சுப் பாத்துட்டு சிரிக்கறான். இரும்பு ஒரு டிகிரிக்கு 0.000012 பங்குதான் சுருங்குமாமா. 35 மில்லி வளையம், வெளிய 32 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18, ஆக 50 டிகிரி வித்தியாசம். பெருக்குனா 0.021 மில்லி. நோட்டுப் புத்தகத் தாளோட கனத்துல அஞ்சுல ஒரு பங்கு. அதுக்காக ஒரு ராத்திரி பூரா இட்லி மாவு பக்கத்துல புஷ்ஷ வெச்சு பேச்சு வாங்குனதுதான் மிச்சம். ஆர்ம் கண்ணுல துருவ எமரி போட்டுத் தேச்சு, வளையத்து முனையில லேசா அரம் போட்டா அதுலயே பாதி வேலை முடிஞ்சிரும்.

26 ஜூலை 2023, காலைல 6.45

கிரீஸ் தடவி ஏத்தலாமா, என்ஜின் ஆயில் தடவலாமான்னு மூணு பேரு. தடவாதீங்க. இயற்கை ரப்பருக்கு பெட்ரோலியத்துல வர்ற எண்ணெயெல்லாம் எதிரி, ஊறி உப்பி கொழகொழன்னு ஆயிரும். சோப்புத் தண்ணி போதும், காஞ்சதும் புடிச்சுக்கும்.

விளக்கெண்ணெ தடவுனா என்னங்கன்னு ஒருத்தர் கேட்டது நல்ல கேள்வி. நம்மூர்ல கொட்டமுத்து ஆட்டி எடுக்கற அதே எண்ணெதான். அது ரப்பர ஒண்ணும் பண்ணாது, அந்தக் காலத்து பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான், காரணமே உள்ள இருக்கற ரப்பர் வாஷர் கெடக்கூடாதுன்னுதான். ஆனா அது காயாது, வழுவழுன்னே நிக்கும். புஷ் வழுக்கக்கூடாதுங்க. சோப்புத் தண்ணியே போதும்.

27 ஜூலை 2023, ராத்திரி 8.15

சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டற ஒருத்தர் கேட்டிருக்காரு: "கடைசி முறுக்கு வண்டி தரையில நிக்கும்போது குடுத்தீங்களா, தொங்கும்போதே குடுத்தீங்களா?" தொங்கும்போதேதாங்க. தரையில எறக்கிட்டா ஸ்பானர் எங்க போகும், எடமே இல்ல. டைட்டு டைட்டுதான், எங்க வெச்சு குடுத்தா என்ன.

30 ஜூலை 2023, மத்தியானம் 12.50

செரிங்க. மேல எழுதுனத அழிக்கல, கெடக்கட்டும், படிக்கறவங்க சிரிச்சுட்டுப் போங்க.

லாரிக்காரர் அதுக்கு ஒரே வரிதான் பதில் போட்டிருந்தாரு: "அப்ப அடியில படுத்துப் பாருங்." ரெண்டு நாளா அந்த வரி என்ற காதுல ஈயாட்ட சுத்திட்டே இருந்துச்சு. இன்னைக்குக் காலைல தண்ணி காபி குடிச்சுட்டு படுத்துட்டேன். டிரெய்லிங் ஆர்ம் முன் புஷ்ஷு, ரெண்டு மாசங்கூட முழுசா ஓடல, ரப்பர்ல நடுக்குழாய ஒட்டி வளைவா ஒரு வெடிப்பு. நகம் உள்ள போகுது. வலது பக்கமும் அப்படியே.

உக்காந்து யோசிச்சப்பறந்தான் மண்டையில ஏறுச்சு. நான் என்னமோ புஷ்ஷுன்னா போல்ட்டச் சுத்தி வழுக்கிட்டு சுத்தற பேரிங்கு மாதிரின்னே இத்தன வருசம் நெனச்சுட்டிருந்தேன். அது சுத்தவே சுத்தாதுங்க. வெளி வளையம் ஆர்ம்ல எறுகி நிக்குது, நடுக்குழாய் போல்ட்டு முறுக்குல பிராக்கெட்டோட எறுகி நிக்குது, ரெண்டுக்கும் நடுவுல ரப்பர் ஒட்டியிருக்குது. ஆர்ம் மேல கீழ போறப்ப ரப்பர்தான் முறுக்கிக் குடுத்து முறுக்கித் திரும்புது. அப்ப போல்ட்ட எந்த நெலையில டைட் பண்றமோ அந்த நெலைதான் ரப்பருக்கு ஓய்வு. சக்கரம் தொங்கும்போது முறுக்குனா ஓய்வு தொங்கற நெலைக்குப் போயிருது. வண்டிய எறக்குனதும், சும்மா வாசல்ல நிக்கும்போதே, ரப்பர் பதினஞ்சு டிகிரி முறுக்கிட்டு நிக்கும், ராத்திரியும் பகலும். அதுக்கு மேல பாவு நூலு ஏத்துவேன், அதுக்கு மேல ஸ்பீட் பிரேக்கரு. கிழியாம என்ன பண்ணும்.

அந்தக் காளையாட்ட ஒசந்து நின்னுச்சுன்னு பீத்துனேன் பாருங்க, அது புது ரப்பரோட வீரமில்ல. முறுக்குன ரப்பர் ஸ்பிரிங்காட்ட வண்டிய மேல தள்ளிட்டிருந்திருக்கு. மாத்துனதுல இருந்து பின் சீட்டுல உக்காந்தா தூக்கித் தூக்கிப் போடுதுன்னு எங்கூட்டுல சொல்லிட்டே இருந்துச்சு, நாந்தான் "புதுசுன்னா அப்படித்தான்"னு வாய அடைச்சேன்.

லாரிக்காரருக்கு கும்புடுங்க. சங்ககிரிக்காரங்கள்ட்ட (லாரி ஊருங்க அது) வண்டிப் பழமை பேசும்போது வாயக் கொஞ்சம் கட்டிக்கோணும்.

3 ஆகஸ்ட் 2023, பொழுதோட 7.30

இன்னைக்கு ஆடிப் பதினெட்டு, வேலை கெடையாது. கச்சாயம் தின்னுட்டு எழுதறேன், ஸ்கிரீன்ல எண்ணெ.

பாலியூரித்தேன் புஷ் போட்டா ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு ஒரு தம்பி. ஓட்டப் பந்தய வண்டிக்கு ஆகும் தம்பி. அது ரப்பர் மாதிரி ஒட்டி முறுக்கற சாதியில்ல, பல வகையில நடுக்குழாய் உள்ள வழுக்கிச் சுத்தும், கிரீஸ் வெக்கோணும், காஞ்சா கிறீச்சுங்கும். அதவிட இன்னொரு கெரகம். ஒரு சக்கரம் மட்டும் மேட்டுல ஏறுனா ஆக்சில் சாயும், ஆக்சில் சாஞ்சா ஆர்மும் கோணும். அந்தக் கோணலுக்கு எடங்குடுக்கறதும் இந்த ரப்பர்தான். அங்க கல்லாட்ட ஒண்ணப் போட்டா கோணல் இரும்புக்குப் போகும், பிராக்கெட்டுக்குப் போகும். நம்ம கொங்கு நாட்டு இட்டேரியில ஓடற வண்டிக்கு எளக்கமா ஒண்ணு வேணும்.

உங்க அப்பாரு காலத்து மாட்டு வண்டிக்கு புஷ்ஷே இல்லியேன்னு கேட்டா பதில் இருக்கு: அவிய இடுப்புதான் புஷ்ஷு.

6 ஆகஸ்ட் 2023, ராத்திரி 9.15

மறுபடியும் மாத்தியாச்சு. இந்தத் தடவ போல்ட்டெல்லாம் வெண்ணெயாட்ட கழண்டுச்சு, ரெண்டு மாசம்தானே ஆகுது. பழைய புஷ் எடுக்க மட்டும் வழக்கம்போல ரத்தம், கட்டை விரல்ல.

கடைசி முறுக்குக்கு ரெண்டு வழி. ஒண்ணு, எல்லா நட்டையும் கையில முறுக்கற அளவுக்கு மட்டும் ஏத்தி உட்டுட்டு, சக்கரம் மாட்டி எறக்கி, பள்ளத்து மேல நிறுத்தி அடியில நின்னு முறுக்கறது. எங்க ஷெட்டுல லோடு ஏத்தற பள்ளம் இருக்கறதால நான் இப்படித்தான். பள்ளம் இல்லாட்டி, பாடி ஸ்டாண்டு மேல இருக்கும்போதே ஆக்சில் அடியில ஜாக்கிய வெச்சுத் தூக்குங்க. அந்தப் பக்கத்து பாடி ஸ்டாண்ட உட்டு ஒரு நூலளவு மேல கெளம்புதுன்னா அப்ப பாரம் ஆக்சில் மேல வந்துருச்சுன்னு அர்த்தம், வண்டி தரையில நிக்கற நெலைக்குக் கிட்டத்தட்ட வந்துரும். அங்க நிறுத்தி முறுக்குங்க. லேட்ரல் ராடுக்கும் இதேதான்.

எறக்கினதும் சும்மா முறுக்கிராம, பின்பக்கம் நாலு தடவ அமுத்தி உட்டு, முன்ன பின்ன ரெண்டடி உருட்டி வெச்சுக்குங்க, தூக்குனப்ப கீழ தொங்குன ஆக்சில் தன்னால எடத்துக்கு வந்து உக்காரும். முறுக்குனப்பறம் நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் சேத்து பெயிண்டுல ஒரு கோடு. கோடு ஒடஞ்சா நட்டு நகந்துருச்சுன்னு ஜாடை.

வண்டி ஒரு விரக்கடை எறங்கி பழைய ஒசரத்துக்கு வந்துருச்சு. காளை கன்னுக்குட்டியாயிருச்சு. பின் சீட்டுல இருந்து புகார் வரல, அதே எனக்கு ஐஎஸ்ஐ முத்திரை.

7 ஆகஸ்ட் 2023, காலைல 6.20

ஜூலை 23ல "ரெண்டு ஆர்மையும் ஒண்ணா கழட்டிட்டா வேலை சுளுவு"ன்னு எழுதியிருக்கேன். தப்பு, தப்பு. வைகாசியில அப்படிக் கழட்டித்தான் ஆக்சில் ஜாக்கி மேலயே உருண்டு, பிரேக் டியூப் வில்லு நாணாட்ட இழுத்துட்டு நின்னுச்சு, அத மறந்துட்டு எழுதிட்டேன். ஒரு பக்கம் கழட்டி மாத்தி போல்ட்டு கோத்தப்பறம் அடுத்த பக்கம் போங்க. ஷாக்க தேவையில்லாம கழட்டாதீங்க, ஆக்சில் ஓரளவுக்கு மேல கீழ எறங்காம புடிச்சிருக்கறது அதுதான். அது போனா காயில் ஸ்பிரிங் நழுவிரும், டியூப்பு இழுபடும்.

20 ஆகஸ்ட் 2023, பொழுதோட 6.00

காங்கேயத்துக்காரர் இன்னைக்கு முடிச்சுட்டாரு, ரெண்டு ஞாயிறு எடுத்துக்கிட்டாரு. போல்ட்டு அறுக்க அஞ்சு பிளேடு, என்னவிட ரெண்டு எச்சா.

அவரு பண்ணுன ஒரு வேலை எனக்குத் தோணவே இல்ல. கொத்தனாரு தூக்குக்குண்ட பின் சக்கரத்துக்கு மேல பாடி ஓரத்துல தொங்க உட்டு, நூலுக்கும் டயருக்கும் எத்தன மில்லின்னு ரெண்டு பக்கமும் அளந்திருக்காரு. மாத்தறதுக்கு முந்தி எடது 14, வலது 27. மாத்துனப்பறம் 20ம் 21ம். ஆக்சில் ஆறேழு மில்லி ஒரு பக்கமாவே நின்னு ஓடியிருக்குது. ஆக்சில மாத்தோணும்னு சொன்னவங்களுக்கு அந்த ரெண்டு நம்பரையும் எழுதி அனுப்பறேன்னு குதிச்சாரு, வேண்டாங்க உடுங்கன்னேன்.

ஆடி முடிஞ்சு ஆவணியும் பொறந்துருச்சு, காத்து எளைக்கறதுக்குள்ள அந்த உடுமலை ரோட்டுல ஒருக்கா ஓட்டிப் பாத்துருங்க. அப்பறம் காத்து எளைச்சதால சரியாச்சா, புஷ்ஷால சரியாச்சான்னு இன்னொரு கேள்வியோட வந்துராதீங்க.

21 ஆகஸ்ட் 2023, ராத்திரி 10.05

ஓட்டிட்டாராமா. காத்தாடிக சுத்தறத பாத்துட்டே ஒரு கையில ஓட்டுனாராமா. ரெண்டு கையும் வெச்சு ஓட்டுங்க.

27 ஜனவரி 2024, காலைல 8.30

தைப்பூசத்துக்கு காவடி கட்டிட்டு பழனிக்கு நடந்து போனவங்க பின்னாடியே நாலு நா தண்ணிக் கேனும் சோத்து அண்டாவுமா முழு லோடுல ஓட்டுனேன், முக்காவாசி ரெண்டாவது கியர்லயே. வந்ததும் படுத்துப் பாத்தேன். பெயிண்டுக் கோடு ஒடையல, ரப்பர்ல நகம் போற எடம் எங்கயும் இல்ல. முன்பக்கம் லோயர் ஆர்ம் புஷ்ஷு இப்ப லேசா மொனகுது, அதுக்கு இன்னொரு நாளைக்கு தனியா எழுதறேன்.

இப்ப கேக்க வந்தது வேற. அந்த இழுப்பான் போல்ட்டு, குழாய்த் துண்டோட, ஆகஸ்ட்ல காங்கேயம் போச்சு. அங்கிருந்து வெள்ளக்கோயில் போச்சுன்னாங்க, தாராபுரத்துல ஒருத்தரு வாங்கிட்டுப் போனதா கேள்வி, நேத்து கேட்டா அவரு பெருந்துறைக்காரருக்குக் குடுத்துட்டேங்கறாரு. யாரு கையில இருக்குதோ, வேலை முடிஞ்சிருந்தா பல்லடம் பஸ்ல கண்டக்டர்ட்ட குடுத்து தாட்டி உடுங்க. வாஷர் நாலும் சேத்து.